சுருக்குப்பை

கும்பகோணம் பக்கம் நடவுக்குப் போற அப்பாயிங்க இடுப்புல இன்னும் சுருக்குப்பையைப் பார்க்கலாம். மிச்சத் துணியில தைச்சது. உள்ள ரெண்டு மூணு அறை. ஒண்ணுல கொழுந்து வெத்தலை, ஒண்ணுல பாக்கு, சுண்ணாம்பு டப்பா, அடியில நாலா மடிச்ச நோட்டு. கயித்தை இழுத்தா வாய் மூடிக்கும். இடுப்புல செருகிட்டா ரெண்டு கையும் நாத்துக்கு.

ஐரோப்பாவுலயும் பெண்கள் முதல்ல பாவாடைக்கு உள்ள இடுப்புல கட்டுன பைதான் வெச்சிருந்தாங்க. 18ஆம் நூற்றாண்டு முடியுறப்ப உடுப்பு மெலிஞ்சு உடம்போட ஒட்டுச்சு, உள்பைக்கு இடமில்லை. அப்பத்தான் கையில தொங்குற ரெட்டிக்யூல் வந்துச்சு. அதுவும் சுருக்குக் கயிறு வெச்ச குட்டிப் பைதான்! வெளியில தெரிய ஆரம்பிச்சதும் பூவேலை, மணிவேலைன்னு அலங்காரமா ஆயிடுச்சு. ஆனா ஒரு கை போச்சு.

1955 பிப்ரவரியில பிரான்ஸ் நாட்டு உடை வடிவமைப்பாளர் கோகோ ஷனேல் தோள்ல மாட்டுற சங்கிலியோட 2.55 பையைக் கொண்டுவந்தாங்க. பேரே அந்த மாசமும் வருஷமும்தான். பெண்களோட கையை விடுவிச்ச பைன்னு உலகமே கொண்டாடுது. கொண்டாடட்டும், நியாயம்தான். எங்க அப்பாயிங்களுக்கும் அந்தப் பெருமையில பங்கு இருக்கு.

உங்க வீட்ல சுருக்குப்பை தைக்கத் தெரிஞ்சவங்க இருந்தா, அறை எப்படி வெட்டுறது, கயிறு எப்படிக் கோக்குறதுன்னு கேட்டு இங்க எழுதுங்க.