கிரீனிலிருந்து டீக்கு நடந்த மாலை

மரங்கள் நெருங்கி நிற்கும் பார்க்லேண்ட் வகை கோல்ஃப் மைதானத்தில் இந்தப் பயணத்தில்தான் முதன்முறையாக ஆடினேன். அதுவரை பழகியதெல்லாம் கடலோர லிங்க்ஸ் மைதானங்கள். அங்கே தரை கெட்டியாக இருக்கும். பந்தைத் தாழ்வாக அடித்து உருளவிட்டால் பாதி வேலை முடிந்துவிடும். அதே பழக்கத்தோடு முதல் நாள் இறங்கினேன். பதினெட்டு ஹோல்களில் (குழிகளில்) முன் ஒன்பதில் 47 ஸ்ட்ரோக் (அடிகள்; குறைந்தால்தான் நல்லது), பின் ஒன்பதில் 46.

அதிகம் அடி வாங்கியது நான்காவது ஹோலில். 380 யார்டு, பார் 4 (நான்கு ஸ்ட்ரோக்கில் முடிக்க வேண்டியது), இடதுபக்கம் வளையும் டாக்லெக் பாதை. வளைவின் உள்மூலையில் பெரிய மரம் ஒன்று. டீயில், அதாவது முதல் அடி அடிக்கும் இடத்தில், நின்று பார்த்தால் அந்த மூலையை வெட்டிக்கொண்டு போகத்தான் கை துடிக்கும். அதிக தூரம் அடிக்கும் மட்டையான டிரைவரை எடுத்தேன். பந்து மரத்தில் பட்டு உள்ளே விழுந்தது. தேடுவதற்கு மூன்று நிமிடம்தான். 2019-க்கு முன்பு ஐந்து நிமிடம் இருந்தது. நல்லவேளை, கிடைத்தது. இரண்டு அடிமரங்களுக்கு நடுவே, குழி இருக்கும் புல்தரையான கிரீன் தெரிந்தது. அந்த இடைவெளியில் அடித்தேன், பந்து மரத்தில் மோதி இன்னும் உள்ளே போனது. டபுள் போகி, பாரைவிட இரண்டு கூடுதல்.

மாலை ஆட்டக்காரர்கள் எல்லோரும் போனபிறகு, அனுமதி கேட்டுக்கொண்டு நடக்கப் போனேன். ஒன்பதாவது கிரீன்தான் பக்கத்தில் இருந்தது. அதனால் அங்கிருந்தே தொடங்கி, ஒவ்வொரு ஹோலையும் தலைகீழாக, கிரீனிலிருந்து டீயை நோக்கி நடந்தேன். காலையில் ஆடிய மைதானம்தானா இது என்று தோன்றியது.

நான்காவது கிரீனில் நெடுநேரம் நின்றேன். முன்னால் இடதுபக்கம் ஆழமான பங்கர் (மணல் பள்ளம்). கிரீன் பின்னாலிருந்து முன்னால் சரிகிறது. அங்கிருந்து திரும்பிப் பார்த்தால், ஃபேர்வேயின் (டீக்கும் கிரீனுக்கும் நடுவே வெட்டிவிட்ட புல்பாதை) இடது பாதியிலிருந்து வரும் பந்து மரக்கிளையையும் தாண்ட வேண்டும், பங்கரையும் தாண்ட வேண்டும். வலது பாதியிலிருந்து வந்தாலோ வழி திறந்து கிடக்கிறது. பத்துப் பதினைந்து யார்டு கூடுதல், அவ்வளவுதான். மூலையை வெட்டிப் பந்து தப்பியிருந்தாலும் மோசமான பக்கத்தில்தான் நின்றிருப்பேன்! பார்க்லேண்டில் எவ்வளவு தூரம் அடிக்கிறோம் என்பதைவிட எந்தப் பக்கம் நிற்கிறோம் என்பதே பெரிது என்று எனக்கு உறைத்த இடம் அதுதான்.

மறுநாள் காலை அதே டீயில் டிரைவரைத் தொடவில்லை. அதைவிடக் குறைந்த தூரம் போகும் 3-வுட் மட்டையை எடுத்து வலது பாதிக்கு அடித்தேன். வளைவுக்குக் கொஞ்சம் முன்னாலேயே நின்றது. மிச்சம் 165 யார்டு. இங்கே இன்னொரு கணக்கும் இருக்கிறது. நிழலும் ஈரமும் உள்ள புல்லில் பந்து அதிகம் உருளாது, விழுந்த இடத்துக்குப் பக்கத்திலேயே நின்றுவிடும். லிங்க்ஸில் கிரீனுக்கு முன்னால் போட்டு உருட்டுவேன். இங்கே குழியில் நிற்கும் கொடிவரை முழுத் தூரத்தையும் காற்றிலேயே கடத்த வேண்டும். அதோடு, கிரீன் சரிவாக இருந்ததால் கொடிக்குக் கொஞ்சம் கீழே நிற்கும்படி அடித்தேன். மேல்நோக்கி பட் செய்வது (கிரீனில் பந்தைக் குழிக்கு உருட்டுவது) எப்போதுமே எளிது. பார் கிடைத்தது.

ஆறாவதில் மறுபடியும் மரத்துக்குள் போனேன். இந்த முறை இடைவெளியைத் தேடவில்லை. பந்தைப் பின்காலுக்கு நேராக வைத்து, கைகளை முன்னால் தள்ளி, 6-அயர்ன் மட்டையால் பாதி வீச்சில் தட்டிப் பக்கவாட்டில் ஃபேர்வேக்குக் கொண்டுவந்தேன். பாரைவிட ஒன்று கூடுதலான போகியோடு முடிந்தது. அந்த போகி எனக்கு முழுத் திருப்தி.

ஏழாவது பார் 3. கொடி துளிகூட அசையவில்லை. என் மட்டைப் பையைச் சுமந்துவந்த கேடி ஒன்றும் சொல்லாமல் மர உச்சியைக் கைகாட்டினார். இலைகள் எங்களை நோக்கிச் சாய்ந்து ஆடிக்கொண்டிருந்தன. நாம் நிற்பது மரங்களின் மறைவில், பந்து பறப்பதோ அதற்கு மேலே. ஒரு படி அதிக தூரம் போகும் கிளப்பை (மட்டையை) எடுத்து, கொடியை விட்டுவிட்டு கிரீனின் நடுவைக் குறிவைத்தேன். அப்போது அமெரிக்காவின் அகஸ்டா மைதானத்தின் 12-வது ஹோல் நினைவுக்கு வந்தது. வெறும் 155 யார்டு, மரங்களுக்கிடையே சுழலும் காற்று, கிரீனுக்கு முன்னால் ஓடை. அந்த மைதானத்தில் நடந்த 2016 மாஸ்டர்ஸ் போட்டியின் கடைசி நாளில் ஐந்து ஸ்ட்ரோக் முன்னிலையோடு பின் ஒன்பதுக்குள் நுழைந்த ஜோர்டன் ஸ்பீத், அந்த 12-வது ஹோலில் இரண்டு பந்துகளைத் தண்ணீரில் விட்டு 7 ஸ்ட்ரோக் எடுத்தார். பட்டம் டேனி வில்லெட்டுக்குப் போனது. அவ்வளவு பெரிய ஆட்டக்காரருக்கே அந்தக் கதி என்றால், கிரீனின் நடு எனக்குத் தாராளமாகப் போதும்.

முன் ஒன்பது 41-ல் முடிந்தது. அப்புறம் பின் ஒன்பது, மறுபடியும் அதே 46. முந்தைய மாலை முதல் ஹோலின் டீக்கு வந்து சேர்வதற்குள் இருட்டிவிட்டதால், அந்தப் பக்கம் நான் நடக்கவே இல்லை.