புரட்டாசிக்கும் மாலைக்கும் நடுவில்

எனக்கு மீன் பிடிக்கக் கிடைக்கிற நாட்கள் ரொம்பக் கொஞ்சம். புரட்டாசி முழுக்க எங்கள் வீட்டில் கவுச்சி கிடையாது. மீன் சட்டியைக் கழுவிப் பரணில் ஏற்றிவிடுவோம். ஐப்பசி பிறந்தால் தீபாவளித் தையல். ராணிப்பேட்டை பக்கத்து எங்கள் வாலாஜாவில் தையல் கடை வைத்திருப்பவர்கள் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள், அந்த நேரத்தில் நிம்மதியாக உட்கார்ந்து சாப்பிட்டதாக ஒருத்தரும் சொல்ல மாட்டார். கார்த்திகை ஒன்றாம் தேதி வீட்டுக்காரர் சபரிமலைக்கு மாலை போட்டுக்கொள்வார். சட்டி மறுபடி பரணுக்குப் போகும். ஆக, தீபாவளி முடிந்து கார்த்திகை பிறக்கிற வரைக்கும்தான் என் கணக்கு. 2025இல் தீபாவளி ஐப்பசி 3ஆம் தேதியே வந்துவிட்டது, எனக்கு யோகம். 2026இல் ஐப்பசி 22. புதுக் காலண்டர் வந்தால் எல்லோரும் முகூர்த்த நாள் தேடுவார்கள், நான் இந்த இடைவெளியைத் தேடுவேன்.

நல்லவேளை, ஏரியும் அப்போதுதான் ஆளைக் கூப்பிடும். ஐப்பசி மழை பிடித்தால் காவேரிப்பாக்கம் ஏரிக்குப் புதுத்தண்ணீர் வர ஆரம்பிக்கும்.

தூண்டில் பிடிக்கக் கற்றுக்கொடுத்தது என் மாமனார். ஏரிக்குக் கீழே மதகுத் தண்ணீரில் நெல் போட்டு வாழ்ந்தவர். மருமகளும் மாமனாரும் டிவிஎஸ் எக்ஸெல்லில் மூங்கில் கழியை நீட்டிக்கொண்டு போவதைப் பார்த்து ஆரம்பத்தில் தெருவில் சிரித்தார்கள். குழம்பு வாசனை போன பிறகு சிரிப்பு நின்று, கிண்ணம் வர ஆரம்பித்தது.

இந்த ஏரியை முதல்முறை பார்க்கிறவர்கள் கரையில் ஏறியதும் திகைத்துப் போவார்கள். ஏறத்தாழ 4,000 ஏக்கர். நிரம்பினால் ஆழம் 30 அடி. பல்லவ ராஜா மூன்றாம் நந்திவர்மன் காலத்தில் வெட்டியது என்று சொல்வார்கள். 1752இல் கிளைவ் இந்த ஊரில் ஒரு சண்டை போட்டிருக்கிறான், சரித்திரப் புத்தகத்தில் அதுதான் இருக்கிறது. ஏரிக்கு ஒரு வரி கூடக் கிடையாது. இத்தனை தண்ணீரில் எங்கே என்று போடுவது? வெளியூரிலிருந்து வருகிறவர்கள் கரை நடுவில் வண்டியை நிறுத்தி, முடிந்த மட்டும் தூரமாக வீசிவிட்டுப் பொழுது சாயும் வரை உட்கார்ந்திருப்பார்கள். நான் பார்த்தவரை இங்கே இரையை விட இடம்தான் முக்கியம். கடையில் விற்கிற வாசனை மாவுக்குச் செலவழிக்கிற காசை பெட்ரோலுக்குப் போட்டு, தண்ணீர் எங்கே ஓடி வருகிறது என்று பார்த்துவிட்டு வரலாம்.

"தண்ணி நிக்கிற எடத்துல மீனு தூங்கும், தண்ணி வர்ற எடத்துலதான் அதுக்குப் பசி எடுக்கும்" என்பார் மாமா.

வாலாஜா பக்கத்தில் பாலாற்றின் குறுக்கே 1850களில் வெள்ளைக்காரன் கட்டிய அணைக்கட்டு இருக்கிறது. ஆற்றில் தண்ணீர் வந்தால் அங்கிருந்து கால்வாய் பிரிந்து காவேரிப்பாக்கத்துக்கும் மகேந்திரவாடிக்கும் போகும், எதிர்ப்பக்கம் சக்கரமல்லூருக்கும் தூசிக்கும் போகும். பாலாறு வருஷத்தில் பெரும்பகுதி மணல்தான். அதனால் ஆற்றில் தண்ணீர் என்று கேள்விப்பட்டாலே எங்கள் பக்கம் வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடிவிடும். 2021 நவம்பர் வெள்ளத்தில் பாலத்தின் மேல் ஜனம் நின்றதைப் பார்த்தால் ஊரில் தேர் ஓடுகிறதோ என்று தோன்றியிருக்கும்.

கால்வாய் ஏரியில் வந்து விழுகிற இடத்தில்தான் நாங்கள் உட்காருவோம். ஆனால் முதல் தண்ணீரில் மாமா தூண்டில் போட மாட்டார். கால்வாயில் கிடந்த குப்பை, நுரை எல்லாவற்றையும் அடித்துக்கொண்டு அது வரும். ராணிப்பேட்டை தோல் ஷெட்டுகளின் கழிவு பாலாற்றை என்ன செய்தது என்று இந்தப் பக்கம் குழந்தைக்குக் கூடத் தெரியும். சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போய் 1996இல் தீர்ப்பு வந்த வழக்கு. அதனால் நுரை அடங்கி, தண்ணீர் செம்மண் நிறத்துக்கு வரட்டும் என்று பொறுத்திருப்போம். அந்தச் செம்மண் தண்ணீரில் வயல்வரப்பின் புழு, பூச்சி, வெட்டுக்கிளி எல்லாம் மிதந்து வரும். ஓடி வருகிற தண்ணீரில் காற்றும் அதிகம். சின்னக் கெண்டைகள் முட்டையிட எதிர்த்து ஏறும். அவற்றைத் தின்ன விராலும் வாளையும் ஓரத்தில் புல் மூழ்கிக் கிடக்கிற இடமாகப் பார்த்து ஒதுங்கி நிற்கும். கட்லா, ரோகு எல்லாம் தேங்கின ஏரியில் தானாகக் குஞ்சு பொரிக்காது, பண்ணையிலிருந்து கொண்டுவந்து விடுவதுதான். அதெல்லாம் குத்தகைக்காரர் சொத்து. கண்ணி வலைக்காரர்கள் தெர்மாகோல் பலகையில் படுத்தபடி நடு ஏரிக்குப் போய்ப் பிடிப்பார்கள். மீன்பாசிக் குத்தகை, அதாவது ஏரியில் மீன் பிடிக்கிற உரிமை, எடுத்தவர் ஆட்கள் எங்கள் தூண்டிலைப் பார்த்து ஒன்றும் சொன்னதில்லை. வலையைத் தோளில் போட்டுக்கொண்டு போனால் நிச்சயம் கேள்வி வரும், வரவேண்டியதுதான்.

சாமான் பெரிதாக ஒன்றுமில்லை. மூங்கில் கழி, நைலான் நரம்பு, பட்டாணி அளவு ஈயக்குண்டு, மயிலிறகுத் தண்டில் ஒரு மிதப்பு. நரம்பில் முடிச்சுப் போடுவது மட்டும் என் வேலை. மாமாவுக்குக் கண் சரியில்லை, எனக்கு நாள் முழுக்க ஊசியில் நூல் கோத்துப் பழக்கம். "கடை நூலையே கட்டக் கூடாதா?" என்று கடைக்கு வருகிறவர்கள் கேட்பார்கள். கட்டலாம், கெளுத்தி அறுத்துக்கொண்டு போய்விடும். மழைக்காலத்தில் மண்புழுவுக்கு அலைய வேண்டியதில்லை, மாட்டுக் கொட்டகைப் பின்னால் மண்ணைக் கிளறினாலே போதும்.

மிதப்பைப் பார்த்தே கீழே யார் என்று சொல்லிவிடலாம். கெண்டை என்றால் மிதப்பு சும்மா நடுங்கிக்கொண்டே இருக்கும், முங்காது. புழுவைக் கொறித்துவிட்டுப் போய்விடும். ஜிலேபி மீன் (திலாப்பியா) பக்கவாட்டில் இழுக்கும். கெளுத்திக்கு அந்த நாசூக்கெல்லாம் கிடையாது, ஒரே முக்கு, மிதப்பு காணாமல் போகும். விரால்தான் பெரிய மனுஷன். உயிரோடு ஒரு பொடிக்கெண்டையை முதுகில் கோத்து விட்டால், எடுத்துக்கொண்டு மெதுவாக நகரும். நரம்பு தண்ணீரில் கோடு போட்டுக்கொண்டு போகும். அப்போது சுண்டக் கூடாது. மாமா வாய்க்குள்ளேயே முனகுவார்: "இருமா... இருமா... முழுங்கட்டும்... இப்ப இழு!" அந்த "இப்ப" எப்போது வரும் என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. அவர் சொன்ன பிறகுதான் கை போகிறது.

விரால் இருக்கிற இடம் கண்டுபிடிக்க இன்னொரு வழி உண்டு. அதற்கு நேர்க் காற்றைச் சுவாசிக்க வேண்டும், அவ்வப்போது மேலே வந்து ஒரு வாய் வாங்கிக்கொண்டு இறங்கும். தண்ணீர் ஆடாமல் இருக்கிற காலை வேளையில் அந்தச் சத்தம் கேட்கும். செக்கச்செவேல் என்று பொடிக்குஞ்சுகள் கும்பலாக மேலே மிதந்தால், கீழே தாயும் தகப்பனும் காவல் இருக்கும். அங்கே தூண்டில் போட்டால் கோபத்திலேயே வந்து கவ்வும், ஆனால் நாங்கள் போட மாட்டோம். ஒன்றைப் பிடித்தால் அத்தனை குஞ்சும் மற்ற மீனுக்கு இரை.

மழை பெய்தால் மீன் கடிக்கும் என்று பொதுவாகச் சொல்வதை நம்பி ஏமாறாதீர்கள். ஒரு மழை, அப்புறம் வெயில் என்றால் சரி. மூன்று நாலு நாள் வெயிலே இல்லாமல் மூட்டமாக இருந்தால், பாசியும் செடியும் பகலில் விடுகிற பிராணவாயு குறைந்துபோகும். விடிகாலையில் பார்த்தால் மீனெல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். பார்க்கிறவருக்கு நாக்கில் எச்சில் ஊறும், ஆனால் மூச்சுக்கே திண்டாடுகிற மீன் இரையைத் திரும்பியும் பார்க்காது. வீட்டுக்கு வந்து ஆல்டரேஷன் துணியை எடுப்பது உத்தமம்.

ஏரி நிரம்பிக் கோடி போகிற வருஷம் வேறு கதை. கலங்கல் பக்கம் தண்ணீர் வழிந்து விழுகிற இடத்தில் கொசுவலை, சேலை, சோற்றுக் கூடை என்று கையில் கிடைத்ததோடு ஊரே இறங்கிவிடும். எனக்கு அந்தக் கூட்டம் பிடிக்காது, மாமாவும் வேடிக்கை பார்ப்பதோடு சரி. அங்கிருந்து போகிற தண்ணீர் கொசஸ்தலை ஆறாகப் பூண்டிக்குப் போய் சென்னைக்காரர்கள் வீட்டுக் குழாயில் வருகிறது என்று மகனுக்குச் சொன்னேன். "அப்ப மீனும் போகுமா?" என்றான். குழாய் வரைக்கும் போகாது.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். ஏரிக்குள் மண் எடுத்த பள்ளங்கள் இருக்கின்றன. கோடையில் பார்த்தவர்களுக்குத் தெரியும். தண்ணீர் வந்த பிறகு முழங்கால் ஆழமும் இரண்டு ஆள் ஆழமும் மேலே ஒன்றுபோலத்தான் தெரியும். இந்தப் பள்ளத்துச் சேற்றில்தான் கோடை முழுக்க விரால் உயிர் பிழைத்துக் கிடக்கும், அதனால் பையன்களுக்கு அங்கே ஆசை. பிள்ளைகளைக் கூட்டிப் போனால் கரையை விட்டு இறங்க விடாதீர்கள்.

வீட்டுக்கு வந்ததும் கெளுத்தியைத் தொடுமுன் முள்ளை எடுக்க வேண்டும். முதுகில் ஒன்று, செவுளுக்குப் பின்னால் பக்கத்துக்கு ஒன்று. குத்தினால் மணிக்கணக்காகக் கடுக்கும். என் பழைய துணி வெட்டுகிற கத்தரி இப்போது இதற்குத்தான். தலையைத் துணியால் அழுத்திப் பிடித்து மூன்றையும் அடியோடு நறுக்கிவிட்டு, சாம்பலும் கல்லுப்பும் போட்டுக் கருங்கல்லில் வைத்துத் தேய்க்க வேண்டும். முதலில் வழவழப்பு நுரைத்துக்கொண்டு கையை வழுக்கும். மூன்றாவது கழுவலில் தோல் வெளுத்து, கையில் பிடிபடும். அப்போதுதான் சேற்று வாடை போயிற்று என்று அர்த்தம்.

சின்ன வெங்காயம், பூண்டு, கெட்டியான புளி, மண்சட்டி. கிடைத்தால் ஒரு மாங்காய். குழம்பை ராத்திரி வைத்து மறுநாள் காலையில் ராகிக் களியோடு சாப்பிட வேண்டும் என்பது எங்கள் வீட்டுச் சட்டம். விரால் என்றால் தலை மாமாவுக்கு, கேள்வியே இல்லை. ஜிலேபியை மட்டும் அவர் தொட மாட்டார். 1952இல் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து விட்ட மீனாம், நம்ம ஏரிக் கெண்டையையெல்லாம் அதுதான் ஒழித்துவிட்டதாம். நான் அதற்கு மிளகாய்த்தூள் தடவி வறுத்து வைப்பேன். மகன் இரண்டு தின்பான். மாமா தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, யாரும் பார்க்காதபோது வால் பக்கத்தைக் கிள்ளி எடுத்துக்கொள்வார்.