எடையை எழுதாத நாட்குறிப்பு

மே 28, 2025, புதன்

மகளைக் குழந்தைகள் டாக்டரிடம் கூட்டிப்போனேன். அடுத்த வாரம் ஒன்பதாம் வகுப்பு. நான் போனது எடைக்காக இல்லை, கழுத்துக்காக. பின்கழுத்து கறுத்து, தொட்டால் வெல்வெட் துணி போலத் தடித்திருக்கிறது. ஆச்சி அதை அழுக்கு என்று முடிவுகட்டி, கடலைமாவும் எலுமிச்சையுமாக ஒரு மாதம் தேய்த்துப் பார்த்துவிட்டார். பிள்ளைக்குத் தோல் எரிந்ததுதான் மிச்சம்.

"இது அழுக்கு இல்லைம்மா, தேய்ச்சா போகாது. உடம்புல இன்சுலின் சரியா வேலை செய்யலைன்னா ரத்தத்துல அது கூடிக்கிட்டே போகும். அப்போ கழுத்து, கக்கம் எல்லாம் இப்படிக் கறுக்கும்" என்றார் டாக்டர். அதன் பிறகுதான் எடை, உயரம் பார்த்தார்.

எடை உயரத்துக்குப் பொருந்துகிறதா என்று காட்டும் பிஎம்ஐ கணக்கை நான் போனில் போட்டுப் பார்த்திருந்தேன், அதை அவர் ஏற்கவில்லை. அது பெரியவர்களுக்கானது. பிள்ளைகளுக்கு இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2015இல் வெளியிட்ட வளர்ச்சி வரைபடம் இருக்கிறது. பையனுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று. அதில் வயதோடு மேலே ஏறும் கோடுகளில் இரண்டைக் காட்டினார். ஒன்று 23, மற்றது 27. வளர்ந்து முடிந்தபின் பிஎம்ஐ எங்கே போய் நிற்கும் என்பதை இப்போதே காட்டும் பாதைகள் அவை. 23க்கான கோட்டைத் தாண்டினால் அதிக எடை, 27க்கானதைத் தாண்டினால் உடல்பருமன். இவள் இரண்டாவது கோட்டைத் தொட்டுக்கொண்டு நிற்கிறாள்.

"எத்தனை கிலோ குறைக்கணும் டாக்டர்?" என்று கேட்டேன். "இப்போதைக்கு ஒண்ணும் குறைக்க வேண்டாம். மூணு மாசம் ஏறாம இருக்கட்டும். உயரம் இன்னும் கொஞ்சம் வரும். அப்புறம் தானா இறங்கினா நல்லது. வாரத்துக்கு அரைக்கிலோவுக்கு மேல இறங்கினா என்னைக் கூப்பிடுங்க" என்றார். வேகமாக இறங்கினால் கூப்பிடச் சொன்ன டாக்டரை இப்போதுதான் பார்க்கிறேன்.

நான் இங்கே எழுதுவதையெல்லாம் மகள் படிப்பாள். எடையை மட்டும் எழுதக்கூடாது என்று சொல்லிவிட்டாள். சரி, எழுதவில்லை. தையல் கடை வைத்திருக்கும் என்னிடம் டேப் இருக்கிறது, அது போதும். இடுப்புச் சுற்றளவு உயரத்தில் பாதிக்குள் இருக்க வேண்டும். பாவாடைக்கு அளவெடுக்கும் இடத்தில் இதை எடுக்கக்கூடாது. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவில், மூச்சை விட்டபின், டேப் தோலை அழுத்தாமல் எடுக்க வேண்டும். பாதியைத் தாண்டித்தான் இருந்தது.

ஜூன் 3, செவ்வாய்

ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. தைராய்டு, கல்லீரல் இரண்டும் சரி. மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை (HbA1c) 5.8 சதவீதம். 5.7இலிருந்தே சர்க்கரை நோய்க்கு முந்தைய எல்லைக்கோடு தொடங்கிவிடுகிறது. எனக்கு வயிற்றைக் கலக்கியது வேறொன்று. ஹீமோகுளோபின் 10.6, இருக்க வேண்டியது 12. "குண்டா இருக்குற பிள்ளைக்கு ரத்தசோகையா?" என்று ஆச்சி நம்ப மறுக்கிறார். சோறும் பிஸ்கட்டும் எடையை ஏற்றும், இரும்பு தராது. இந்த வயதுப் பெண்ணுக்கு நாளொன்றுக்கு 30 மில்லிகிராம் இரும்பு வேண்டுமாம், சுண்ணாம்புச் சத்து 1000 மில்லிகிராம். இந்த நிலையில் பட்டினி போட்டால் என்ன ஆகும் என்று டாக்டர் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

இரும்பு மாத்திரை தந்திருக்கிறார். காபி, டீயோடு சேர்த்துப் போடக்கூடாது, எலுமிச்சைச் சாறோடு போடலாம்.

ஜூன் 8, ஞாயிறு

வீட்டில் பேசி முடித்தோம். அவளுக்கென்று தனிச் சமையல் கிடையாது. என்ன மாற்றினாலும் எல்லோருக்கும் சேர்த்துத்தான். அவள் அப்பாவுக்கும் எனக்கும் வயிறு ஒன்றும் ஒட்டிப்போய் இல்லை. அவளுக்கு மட்டும் ஓட்ஸ் கொடுத்துவிட்டு நாங்கள் சால்னாவில் பரோட்டாவைப் பிய்த்துப் போட்டுக்கொண்டிருந்தால், அந்தப் பிள்ளை எதைக் கற்றுக்கொள்ளும்?

முதலில் அலமாரியைக் காலி செய்தோம். பத்து ரூபாய் சிப்ஸ் சரம், க்ரீம் பிஸ்கட், பாலில் கலக்கும் சாக்லேட் மாவு. மாவு டப்பாவின் பின்பக்கத்தை மகளே சத்தமாகப் படித்தாள். சர்க்கரை எவ்வளவு என்று வந்ததும் ஆச்சி முகம் சுருங்கியது. இத்தனை வருடம் அது சத்துமாவு என்றுதானே ஆற்றி ஆற்றிக் கொடுத்தார். பல குளிர்பானங்களில் நூறு மில்லிக்குப் பத்து கிராம் அளவுக்குச் சர்க்கரை இருக்கிறது. சின்ன பாட்டில் ஒன்றைக் குடித்தாலே ஐந்தாறு ஸ்பூன் உள்ளே போய்விடும். அது இனி வீட்டுக்குள் வராது. வெளியே கல்யாண வீட்டில் கொடுத்தால் குடிக்கட்டும், நான் போலீஸ் வேலை பார்க்கப்போவதில்லை.

ஆச்சி உடனே கருப்பட்டிக்கு மாறலாம் என்றார். கருப்பட்டியும் சர்க்கரைதான் ஆச்சி. மணம் உண்டு, கொஞ்சம் தாதுச்சத்து உண்டு, ஆனால் இன்சுலினிடம் போய் நான் கருப்பட்டிக்குப் பேர்போன உடன்குடியிலிருந்து வருகிறேன் என்றால் அது கேட்குமா?

காலையில் மூன்று இட்லி அப்படியே இருக்கும். சட்னியோடு சாம்பார் கட்டாயம், கூட ஒரு முட்டை. மத்தியானத் தட்டில் பாதிக்குக் காய், கால்பங்கு சோறு, மீதிக்குப் பருப்போ மீனோ. சாளை மலிவாகக் கிடைக்கும்போது வாரம் இரண்டு நாள் குழம்பு, பொரித்தது வேண்டாம். பள்ளி விட்டு வந்ததும்தான் அவளுக்குக் கொலைப்பசி. அந்த நேரம் பார்த்து வீட்டில் ஒன்றும் இருக்காது, பிஸ்கட்தான் கைக்கு வரும். இனி நான் கடைக்குக் கிளம்புமுன் சுண்டலோ வேகவைத்த கடலையோ மூடி வைத்துவிட்டுப் போக வேண்டும். இந்த ஒன்றுக்காக இரவே பயறு ஊறப்போட நினைவு வைத்துக்கொள்வதுதான் எனக்குப் பெரிய வேலை.

ஞாயிறு இரவுப் பரோட்டா? நிறுத்தவில்லை. மாதம் இரண்டு முறை.

ஜூன் 19, வியாழன்

இரவு பத்து மணிக்கு எல்லோருடைய போனும் ஹாலில் சார்ஜரில். அவள் அப்பாதான் முறுக்கிக்கொண்டார். இந்த வயதில் எட்டிலிருந்து பத்து மணிநேரத் தூக்கம் வேண்டும். தூக்கம் குறைந்தால் மறுநாள் பசி கூடுகிறது என்பதை அவளே கவனித்துச் சொன்னாள்.

ஜூலை 8, செவ்வாய்

நெல்லையப்பர் கோயில் ஆனித் தேர். ரதவீதியில் நிற்க இடமில்லை. தேர் நகர்ந்த நேரம் பார்த்து ஒரு சொந்தக்காரர் மகளைத் தலையிலிருந்து கால்வரை அளந்துவிட்டு, "ஏட்டி, என்ன இப்படி ஊதிட்ட? நாளைக்கு மாப்பிள்ளை எவன் வருவான்?" என்றார். பதினாலு வயதுப் பிள்ளையிடம். "அவ ரத்தசோகைக்கு மருந்து சாப்பிடுதா மதினி, நீங்க பேசுனா இன்னும் குறையும்" என்று சொல்லி இழுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

2016இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் அமைப்பு ஒன்றின் அறிக்கையில் இதையேதான் சொல்லியிருக்கிறார்கள் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். வீட்டில் எடையைப் பற்றிப் பேசுவது, கேலி செய்வது, வேளையை விடுவது, டயட் என்று இறங்குவது, இவையெல்லாம் பிள்ளைகளை உடல்பருமனுக்கும் தள்ளும், சாப்பாட்டு நோய்க்கும் தள்ளும். குடும்பமாக உட்கார்ந்து சாப்பிடுவது காக்கும். நம் ஊரில் உடம்பைப் பற்றிப் பேசுவது நலம் விசாரிப்பதில் சேர்த்தி. இளைத்தாலும் விடமாட்டார்கள்.

ஜூலை 27, ஞாயிறு

குமரி மாவட்டத்தில் ஒரு பையன், யூடியூப் பார்த்து மாதக்கணக்கில் பழச்சாறு மட்டும் குடித்து இறந்துபோனதாகச் செய்தி. மார்ச்சில் கேரளத்தில் ஒரு பெண், சாப்பாட்டைக் குறைத்துக் குறைத்தே போனாள். இரண்டும் பதின்வயதுப் பிள்ளைகள்.

செய்தியைப் படித்ததும் என் அண்ணன் மகனைத்தான் நினைத்தேன். பதினாறு வயது. ஜிம்மில் யாரோ கொடுத்த 'மூலிகைக் கொழுப்புக் கரைப்பான்' பொடியை வெந்நீரில் கலந்து குடிக்கிறான். நெஞ்சு படபடக்குது அத்தை என்கிறான், பசியே இல்லை என்று பெருமையும் படுகிறான். பசியே எடுக்காமல் செய்யும் மூலிகை எது? சிபுட்ரமின் என்று ஒரு பசியடக்கி மருந்து இருந்தது. இதயத்துக்குக் கேடு என்று 2011இல் இந்தியாவில் தடை செய்தார்கள். அதன் பிறகும் மூலிகை என்று விற்ற மெலிவுப் பொடிகளில் அது கலந்திருந்ததை வெளிநாட்டுச் சோதனைகளில் பலமுறை பிடித்திருக்கிறார்கள். இவன் டப்பாவில் என்ன இருக்கிறதென்று எனக்குத் தெரியாது. தயாரித்தவர் முகவரிகூட இல்லாத டப்பா. அண்ணனிடம் போனில் சொல்லி, பையனைக் கையோடு டாக்டரிடம் அனுப்பினேன். டப்பாவையும் எடுத்துப் போகச் சொன்னேன்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

தினமும் ஒரு மணிநேரமாவது உடம்பு அசைய வேண்டும், வாரம் மூன்று நாளாவது தசைக்கு வேலை வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. வ.உ.சி. மைதானத்தில் என்னோடு நடக்க வந்தாள், ஒரு வாரம் தாங்கியது. "எல்லாரும் அங்கிள் ஆன்ட்டியா இருக்காங்கம்மா."

இப்போது சிலம்பம். தெருமுனைப் பிள்ளை ஒருத்தி போகிறாள் என்று தானே கேட்டுச் சேர்ந்தாள். முதல் நாட்களில் கம்பே கையில் தரவில்லை, காலடி வரிசை மட்டும். மூச்சு வாங்கிக்கொண்டு வீடு வருவாள். இப்போது நெற்றி உயரக் கம்பு ஒன்று வாங்கியாகிவிட்டது. மொட்டைமாடியில் சுழற்றும்போது காற்றைக் கிழிக்கும் சத்தம் கீழே கேட்கிறது. கொடிக்கயிறு ஒருமுறை அறுந்தது, என் இரண்டு பிளவுஸ் பக்கத்து வீட்டுக் கூரையில் போய் விழுந்தன. விளையாட்டு என்றால் பிள்ளைக்குப் பிடித்ததாக இருக்க வேண்டும். எடைக்காக என்று சொல்லித் தள்ளினால் அது தண்டனை.

செப்டம்பர் 14, ஞாயிறு

டிபன் பாக்ஸ் தினமும் துடைத்த மாதிரி வருகிறதே என்று சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தேன். தோழிக்குக் கொடுத்துவிடுகிறாள் என்று இன்றைக்குத்தான் தெரிந்தது. ஆகஸ்ட் கடைசியில் பரிசோதனைக்குப் போனபோது எடை அப்படியே இருந்தது. டாக்டர் அதைத்தான் எதிர்பார்த்தார், முதுகில் தட்டிக்கொடுத்தார். இவளுக்கு அது தோல்வியாகப் பட்டிருக்கிறது. சீப்பில் முடி கொத்தாக வருவதையும் இப்போதுதான் காட்டினாள்.

திட்டவில்லை. டாக்டர் எழுதிக்கொடுத்திருந்த தாளை எடுத்து இருவரும் சேர்ந்து படித்தோம். மாதவிடாய் தள்ளிப்போவது, தலைசுற்றல், முடி உதிர்வது, ஒளித்துச் சாப்பிடுவது அல்லது சாப்பிடாமல் மறைப்பது, கண்ணாடியைத் தவிர்ப்பது. இதில் ஒன்று வந்தாலும் எடையை மறந்துவிட்டு வர வேண்டும் என்று எழுதியிருக்கிறது. நாளைக்கே போகிறோம். வீட்டில் இருந்த எடை மெஷினை அவள் சம்மதத்தோடு கடைப் பீரோவில் வைத்துப் பூட்டினேன். எடை பார்ப்பது இனி டாக்டர் வேலை.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. முந்திரிக்கொத்து சுட்டோம், எல்லோரும் சாப்பிட்டோம். எண்ணவில்லை.

டிசம்பர் 6, சனி

செப்டம்பரிலிருந்து டாக்டரோடு ஒரு மனநல ஆலோசகரையும் இரண்டொரு முறை பார்த்தோம். மத்தியானச் சாப்பாடு இப்போது அவள் வயிற்றுக்குத்தான் போகிறது. ஹீமோகுளோபின் 11.8. மூன்று மாதச் சர்க்கரை 5.5. உயரம் ஒரு சென்டிமீட்டர் கூடியிருக்கிறது. எடை கொஞ்சம் இறங்கியிருக்கிறது, அதற்கு மேல் எழுத அனுமதி இல்லை. இடுப்பளவு பாதிக்கு வர இன்னும் ஒரு விரல் அகலம் பாக்கி. கழுத்து கறுப்பு அவ்வளவாக மாறவில்லை, அது மெதுவாகத்தான் போகுமாம். ஆச்சி மறுபடி கடலைமாவு டப்பாவைத் தேடியதை எழுதச் சொல்லி மகள் சிரிக்கிறாள்.

டிசம்பர் 26, வெள்ளி

ஜனவரியில் போட்டி. கம்புச் சண்டைக்கு எடைப் பிரிவு உண்டு. இவள் எடை ஒரு பிரிவின் அடிவிளிம்பில் நிற்கிறது. கூட ஆடும் அக்கா ஒருத்தி, இரண்டு நாள் தண்ணீர் குடிக்காமல் இருந்தால் கீழ்ப்பிரிவுக்குப் போய்விடலாம், அங்கே எல்லாம் சின்னப் பிள்ளைகள் என்று யோசனை சொல்லியிருக்கிறாள். எனக்குக் கைகால் நடுங்கிவிட்டது. நேராக ஆசானிடம் போனேன். அவர் எல்லோரையும் உட்காரவைத்து, "உள்ள எடைக்கு ஆடுங்க. தண்ணி குடிக்காம எவளாவது வந்தா கம்பைப் புடுங்கி வச்சிருவேன்" என்றார்.

ஜனவரி 4, 2026, ஞாயிறு

காலையில் இட்லி, முட்டை, ஒரு வாழைப்பழம் சாப்பிட்டுவிட்டு மேல்பிரிவில் ஆடினாள். முதல் சுற்றில் வென்றாள். இரண்டாவதில் அவளைவிட ஒரு சாண் உயரமான பிள்ளையிடம் நன்றாக அடிவாங்கினாள். முழங்கையில் வீக்கம். திரும்பும் வழியில் பஸ்ஸில் ஐஸ் பொட்டலத்தைப் பிடித்துக்கொண்டு, அந்தப் பிள்ளை எப்படிக் கால் மாற்றி உள்ளே வந்தாள் என்று எனக்கு விளக்கிக்கொண்டே வந்தாள். பாதி புரியவில்லை. அடுத்த ரத்தப் பரிசோதனை மார்ச்சில், அடுத்த போட்டி அதற்கு முன்பே வந்துவிடுமாம்.