பதினேழு மதிப்பெண், மூன்றரை ஷிப்ட்

திருப்பூரில் ஒரு மனநல கிளினிக்கில் கவுன்சிலராக இருக்கிறேன். சனிக்கிழமை சாயங்காலம் எங்களிடம் ஆள் வராது. அன்று சம்பள நாள், ஊரே கடைவீதியில் இருக்கும். ஞாயிறு காலையில்தான் அம்மாக்கள் மகன்களைக் கூட்டிக்கொண்டு வருவார்கள்.

அப்படி வந்தவன் ஒரு 19 வயதுப் பையன் (அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்). பனியன் கம்பெனியில் கைமடி வேலை, அதாவது டெய்லருக்கு உதவியாள். "ஏனுங்க மேடம், ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் போன்ல சுட்டுட்டே கெடக்கறானுங்க. காலையில எழுப்புனா எந்திரிக்கவே மாட்டேங்கறானுங்க" என்றார் அம்மா. பையன் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

கேம் அடிமைத்தனத்தை அளக்க எங்களிடம் இருப்பது ஒன்பது கேள்வித் தாள். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013இல், 'இன்னும் ஆராய வேண்டியது' என்ற பகுதியில் பட்டியலிட்ட ஒன்பது அறிகுறிகளை வைத்து 2015இல் வந்தது. கடந்த 12 மாதங்களை நினைத்துப் பதில் சொல்ல வேண்டும். 'ஒருபோதும் இல்லை' என்றால் 1, 'மிக அடிக்கடி' என்றால் 5. ஆக மொத்தம் 9லிருந்து 45 வரை. பையன் 17 வாங்கினான். பெரிதாக ஒன்றுமில்லை என்று எழுதிவிட்டேன்.

அம்மா பையை எடுத்துக்கொண்டு எழுந்தபோது, பேச்சுக்குத்தான் கேட்டேன், "எந்தக் கம்பெனி தம்பி?"

"இப்பங்களா மேடம்?"

அந்த 'இப்பங்களா'தான் என்னைத் திரும்ப உட்கார வைத்தது. நான்கு மாதத்தில் மூன்று கம்பெனி மாறியிருந்தான். விளையாட்டினால் வேலையோ படிப்போ முக்கியமான உறவோ கைவிட்டுப் போனதா, போகும் நிலைக்கு வந்ததா என்பது ஒன்பதாவது கேள்வி. அதற்கு 'ஒருபோதும் இல்லை' என்று குறித்திருந்தான். பொய் சொன்னானா என்றால், இல்லை. "வேல போகலையே மேடம், நானாத்தான நின்னுக்கிட்டேன்." காலையில் எழ முடியாமல் இரண்டு நாள் போகாமலிருப்பான், மூன்றாம் நாள் சூப்பர்வைசர் முகத்தில் விழிக்க வெட்கப்பட்டு வேறு கம்பெனிக்குப் போய்விடுவான். இந்த ஊரில் தெருவுக்குத் தெரு 'ஆட்கள் தேவை' போர்டு தொங்குகிறது. வேலையை இழப்பது அவ்வளவு சுலபமில்லை. கேள்வியை எழுதியவர்களுக்கு இது எப்படித் தெரியும்?

"சரி, நேத்து சம்பளம் எத்தனை ஷிப்டுக்கு வாங்குன?"

பதில் உடனே வந்தது. "மூணரைங்க."

தினம் ஒன்றரை ஷிப்ட் ஓடியிருந்தால் வாரம் ஒன்பது வரும். ஒழுங்காகப் பகல் ஷிப்ட் மட்டும் போனாலே ஆறு. 'சில சமயம்', 'அடிக்கடி' என்பதற்கெல்லாம் தலையைச் சொறிந்த பையன், முந்தைய நான்கு வாரக் கணக்கை அரை ஷிப்ட் பிசகாமல் சொன்னான். அம்மாவே அன்றைக்குத்தான் முழுக் கணக்கையும் கேட்டார் போல, முகம் மாறிவிட்டது.

உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலான ஐசிடி-11, 2022இல் நடைமுறைக்கு வந்தது. அதில் விளையாட்டுக் கோளாறு என்று சொல்ல, எத்தனை மணி நேரம் என்ற கணக்கே இல்லை. கட்டுப்பாடு போக வேண்டும், மற்றதெல்லாம் பின்னால் தள்ளப்பட வேண்டும், கெடுதல் தெரிந்தும் தொடர வேண்டும், வீடோ படிப்போ வேலையோ கணிசமாகக் கெட்டிருக்க வேண்டும். பொதுவாக 12 மாதமாவது. வேலை கெட்டிருக்கிறதா என்ற பகுதியைத்தான் நான் அவசரமாகக் கடந்துகொண்டிருந்தேன். அதே நிறுவனத்தின் இன்னொரு வினாத்தாள், கடந்த 30 நாளில் எத்தனை நாள் வேலையே செய்ய முடியவில்லை, எத்தனை நாள் குறைத்துக்கொண்டீர்கள் என்று கேட்கும். இப்போது அதை ஷிப்டில் கேட்கிறேன்.

கோபிசெட்டிபாளையத்திலிருந்து வந்த கல்லூரிப் பையன் ஒருவன் இதற்கு நேர் எதிர். 33 மதிப்பெண், வீட்டில் ஒரே ரகளை. ஆனால் விடியலில் பால் கறந்து சொசைட்டிக்கு ஊற்றிவிட்டுத்தான் பஸ் ஏறுகிறான், அரியர் கிடையாது. அவனைவிட அவன் அப்பாவோடுதான் நான் அதிகம் பேச வேண்டியிருந்தது.

கைமடிப் பையன் ஆறு வாரம் கழித்து வந்தபோது அதே தாளைக் கொடுத்தேன். இந்த முறை ஒன்பதாவது கேள்வியில் ரொம்ப நேரம் நின்றான். மொத்தம் 24.

"ஏழு ஏறியிருக்கே, மோசமாயிருச்சா?" என்றார் டாக்டர்.

ஃபைலின் அடுத்த பக்கத்தைத் திருப்பிக் காட்டினேன். போன வாரம் ஐந்தரை ஷிப்ட்.