போல்ட் ஒரு பக்கம், ஓட்டை ஒரு பக்கம்

சுவர் ஏறியது, அதன் தலையில் கம்பி வைத்துப் பெல்ட் கான்கிரீட் போட்டோம், ஷீட் கூரையைத் தாங்கும் இரும்பு ஜாயிஸ்ட் (விட்டம்) ஆறும் வந்து இறங்கின. அதுவரை ஒரு குறையும் இல்லை. முதல் ஜாயிஸ்ட்டைத் தூக்கி வைத்தபோதுதான் தெரிந்தது: பெல்ட்டில் பதித்த போல்ட் ஒரு பக்கம், ஜாயிஸ்ட் கால் பிளேட்டில் இருந்த ஓட்டை ஒரு பக்கம். எல்லாவற்றையும் அளந்து பார்த்தேன். 24 போல்ட்டில் 9 தப்பு. சில ஒரு விரற்கடை தள்ளியே நின்றன.

கான்கிரீட்டை அதிரவைத்து இறுக்கும் வைப்ரேட்டர் போட்டதில் நகர்ந்திருக்கும் என்றார் கொத்தனார். கொடுத்த அளவுக்குத்தான் ஓட்டை போட்டேன் என்றார் வெல்டர். இரண்டும் உண்மைதான். ஒரு தகட்டில் அதே ஓட்டைகளைப் போட்டு, போல்ட்டுகளை அதில் நட் வைத்து இறுக்கி, தகட்டைச் சென்டரிங் பலகையோடு அடித்துவிட்டுக் கான்கிரீட் போட்டிருந்தால் எதுவும் நகர்ந்திருக்காது. எனக்கு அது தோன்றவில்லை. மரையில் டேப் சுற்றவும் விட்டுவிட்டோம். ஒட்டிய சிமெண்டைக் கம்பி பிரஷ்ஷால் சுரண்டியே ஒரு நாள் போனது.

அப்புறம் யோசனைகள் வரத் தொடங்கின. போல்ட்டைச் சுத்தியலால் வளைக்கலாம். ஓட்டையை கேஸ் வைத்துப் பெரிதாக்கலாம். கூரை எடையே பிடித்துக்கொள்ளும், போல்ட் எதற்கு? இந்தக் கடைசி யோசனைக்கு மட்டும் தலையாட்டிவிடாதீர்கள். அரை மில்லிமீட்டர் ஷீட் சதுர மீட்டருக்கு ஐந்து கிலோவை ஒட்டித்தான் இருக்கும். நொடிக்கு 40 மீட்டர் வேகத்தில் வரும் காற்றின் அழுத்தமோ அதே சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 100 கிலோ. போல்ட் இருப்பது கூரையைத் தாங்க அல்ல, பறக்காமல் பிடித்துவைக்க.

சரி, எக்ஸ்பான்ஷன் போல்ட் அடிப்போம் என்று இறங்கினோம். அது பக்கவாட்டில் விரிந்து பிடிக்கிற சாமான். நாங்கள் அடித்ததோ பெல்ட்டின் ஓரத்தில். ஸ்பேனர் இரண்டு சுற்று சுற்றியதும் மூலை விரிசல் விட்டது.

கடைசியில் கெமிக்கல் ஆங்கர்: ஓட்டையில் ஒட்டு மருந்தை நிரப்பி, மரை போட்ட ராடை அதில் செருகி இறுகவிடுவது. 12 மில்லிமீட்டர் ராடுக்கு 14 மில்லிமீட்டர் ஓட்டை. முதல் ஓட்டையில் தூசியை வாயால் ஊதிவிட்டு மருந்தை நிரப்பினேன். மறுநாள் இறுக்கியபோது ராடு கையோடு வந்துவிட்டது, மேலெல்லாம் சிமெண்ட் மாவு. அதன் பிறகு பம்ப்பால் ஊதி, பிரஷ் விட்டு, மறுபடி ஊதினேன். நாசிலில் முதலில் வருவதை வீசிவிட்டு, நிறம் ஒன்றாகக் கலந்து வரும்போதுதான் ஓட்டைக்குள் விட்டேன். டியூபில் போட்டிருக்கும் நேரம் முடியும்வரை ஸ்பேனரை ஒளித்தே வைத்தேன். குளிர்ந்த நாளில் அந்த நேரம் இன்னும் நீளும்.

ஒன்பதில் எட்டு நின்றன. விரிசல் விட்ட மூலையில் மட்டும் பெல்ட்டை உடைத்து, கம்பியோடு சேர்த்துப் புதிதாகப் போட வேண்டியதாயிற்று. உதவாத பழைய போல்ட்டுகளைக் கிரைண்டரில் அறுத்துப் பெயிண்ட் அடித்திருக்கிறேன். ஏணியில் ஏறினால் இன்னும் தெரியும்.