சோக் போட்டால் ஓடுது, எடுத்தால் நிக்குது: பவர் வீடரில் ஜிஎக்ஸ்160 வேலை

எடுத்துக்கொண்டது தென்னந்தோப்பில் களை ஓட்டும் ஒரு பவர் வீடர். இன்ஜின் ஹோண்டா ஜிஎக்ஸ்160, 163 சிசி, நாலு ஸ்ட்ரோக். மழைக்காலம் முழுக்க டேங்கில் பெட்ரோலோடு ஓரமாகக் கிடந்த வண்டி. கயிறு இழுத்தால் சோக்கில் பற்றிக்கொள்கிறது. சோக்கைத் திறந்த சில நொடியில் நின்றுவிடுகிறது. 168எஃப் என்று சைனாவிலிருந்து வரும் இன்ஜின்களும் ஏறக்குறைய இதே அமைப்புதான். வேலைமுறை அதற்கும் பொருந்தும், அளவுகளை மட்டும் அதன் கையேட்டில் சரிபார்த்துக்கொள்ளவும்.

இந்தக் கோளாறைச் சொன்னதும் கிடைக்கும் முதல் பதில் "பிளக்கை மாத்துங்க". அடுத்தது "காயில் போயிருக்கும்", அதாவது ஸ்பார்க்குக்கு மின்சாரம் தரும் சுருள். இரண்டுமே இங்கே வீண் செலவு. ஸ்பார்க் இல்லாத இன்ஜின் சோக்கிலும் ஓடாது. சோக் போட்டால் காற்று வழி குறுகி உறிஞ்சல் கூடுகிறது, கார்புரேட்டரில் (பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் பாகம்) அரைகுறையாக அடைத்த ஜெட், அதாவது பெட்ரோல் வரும் நுண்துளை வழியாகக்கூடப் பெட்ரோல் ஏறிவிடுகிறது. சோக்கை எடுத்தால் அந்த இழுப்பு போய்விடும், பெட்ரோலும் போதாது. பிளக்கும் அதைத்தான் காட்டியது: முனை வெளுத்து, ஈரமே இல்லை. பிபிஆர்6இஎஸ் பிளக், இடைவெளி 0.7 முதல் 0.8 மி.மீ.க்குள் இருந்ததால் துடைத்து அதையே போட்டாயிற்று. ஸ்பார்க்கே வராத இன்ஜினாக இருந்தால், காயிலைத் தொடும் முன் ஆயில் அளவைப் பாருங்கள். ஆயில் அலர்ட் உள்ள மாடலில் ஆயில் குறைந்தாலும், வண்டி சரிவில் சாய்ந்து நின்றாலும் ஸ்பார்க் நின்றுவிடும்.

டேங்க்

கார்புரேட்டர் கிண்ணத்தின் அடியில் உள்ள வடி ஸ்க்ரூவைத் திறந்து, பெட்ரோலை ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடித்துப் பார்த்தோம். மேலே வெளிர் மஞ்சள், அடியில் தனியாக ஒரு தெளிந்த அடுக்கு. எத்தனால் கலந்த பெட்ரோல் காற்றின் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். ஓர் அளவைத் தாண்டியதும் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து பிரிந்து அடியில் தங்கிவிடும். கார்புரேட்டர் கிண்ணம்தான் பெட்ரோல் பாதையிலேயே தாழ்ந்த இடம் என்பதால் அந்த அடுக்கு முதலில் இறங்குவது அங்கேதான். இந்த இன்ஜினின் பழைய கையேடுகள் எத்தனால் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்கின்றன. இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீதம். ஓட்டிக்கொண்டே இருந்தால் பெரிய சிக்கல் வருவதில்லை. நிறுத்தி வைத்தால்தான் வேலை வைக்கிறது.

டேங்கை முழுக்கக் காலி செய்து, அதன் வாயில் உள்ள வலையையும், பெட்ரோல் காக்கின் கீழே இருக்கும் சின்ன படிவுக் கிண்ணத்தையும் கழுவ வேண்டும். புது பெட்ரோல் ஊற்றி வடி ஸ்க்ரூவைத் திறந்தால் தாரை விடாமல் வர வேண்டும். நன்றாக வந்து கொஞ்ச நேரத்தில் சொட்டாகிப் போனால், டேங்க் மூடியைத் தளர்த்திப் பாருங்கள். தளர்த்தியதும் தாரை திரும்பினால் மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கிறது.

கார்புரேட்டர்

ஏர் ஃபில்டரின் நட்டுகளை 10 மி.மீ. ஸ்பேனரால் எடுத்தால் கார்புரேட்டர் ஸ்டட்டிலிருந்து வெளியே நழுவும். அவசரப்பட்டு இழுக்கக் கூடாது. த்ரோட்டில் கையில் கவர்னர் (வேகத்தை நிலையாக வைக்கும் அமைப்பு) கம்பியும், அதோடு முடி போன்ற ஒரு மெல்லிய ஸ்பிரிங்கும் கோர்த்திருக்கும். எது எந்தத் துளையில் என்பதை முதலில் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ஸ்பிரிங் நீண்டுவிட்டால் ஆர்பிஎம் நிலைக்கவே நிலைக்காது. கழற்றும்போது வரும் வரிசையையும் குறித்து வையுங்கள்: ஹெட்டிலிருந்து பார்த்தால் கேஸ்கெட், கறுப்பு இன்சுலேட்டர், மறுபடி கேஸ்கெட், பிறகு கார்புரேட்டர்.

கிண்ணத்தைத் திறந்தால் அடியில் வெள்ளைப் பொடி. தண்ணீர் பட்டு அலாய் அரித்த உப்பு அது. மெயின் ஜெட்டின் பித்தளையில் பச்சை பிடித்திருந்தது. ஜெட்டைக் கழற்றியதும் அதன் பின்னால் பக்கவாட்டுத் துளைகளோடு ஒரு குழாய் இருக்கும். தலைகீழாகத் தட்டினால் விழும். பலர் ஜெட்டை மட்டும் ஊதிவிட்டு இதை உள்ளேயே விட்டுவிடுகிறார்கள். அந்தத் துளைகள் அடைத்திருந்தால் லோடில் இன்ஜின் மூச்சு வாங்கும்.

ஆனால் முக்கியமான குற்றவாளி, ஐடிலில் பெட்ரோல் தரும் பைலட் ஜெட். வெளியிலிருந்து பார்த்தால் ஜெட் மாதிரியே தெரியாது. ஐடில் வேகத்தை வைக்கும் ஸ்க்ரூவை முழுக்க எடுத்தால் அதன் அடியில் கறுப்பு பிளாஸ்டிக் தலையோடு உட்கார்ந்திருக்கும். சின்ன ஸ்க்ரூடிரைவரால் நெம்பினால் ஓ-ரிங்கோடு மேலே வரும். வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் ஊசிமுனை அளவு ஒளிப்புள்ளி தெரிய வேண்டும். இதில் எதுவும் தெரியவில்லை.

குத்தி எடுக்க ஊசியோ ஸ்டீல் கம்பியோ வேண்டாம். துளை துளியளவு பெரிதானாலும் பெட்ரோல் கூடி, சைலன்சரில் கரும்புகை வரும். மல்டி ஸ்ட்ராண்டு ஒயரிலிருந்து ஒற்றைச் செம்பு இழையை உருவி அதையே பயன்படுத்தினோம். ரப்பர் பாகங்களை எல்லாம் எடுத்த பிறகே கார்ப் கிளீனர் அடிக்க வேண்டும், இல்லாவிட்டால் ஓ-ரிங் உப்பிவிடும். பைலட் ஜெட் உட்காரும் துளையில் அடித்தால், த்ரோட்டில் தட்டை ஒட்டியுள்ள நுண்துளைகளில் பீச்சி வர வேண்டும். அந்தப் பீச்சலைக் கண்ணால் பார்க்கும் வரை கார்புரேட்டர் சுத்தமாகிவிட்டது என்று சொல்லக் கூடாது. கண்ணாடி போட்டுக்கொண்டு அடியுங்கள், திரும்பி முகத்தில்தான் அடிக்கும்.

கிண்ணத்தில் பெட்ரோல் மட்டத்தோடு மிதக்கும் ஃப்ளோட்டின் உயரம் 13.7 மி.மீ. மட்டம் ஏறியதும் பெட்ரோல் வரத்தை அடைக்கும் நீடிலின் ஸ்பிரிங் அமுங்காமல், ஃப்ளோட் அதைத் தொட்டும் தொடாமலும் இருக்கும் நிலையில் அளக்க வேண்டும். இந்த ஃப்ளோட் பிளாஸ்டிக், வளைத்துச் சரிசெய்ய வழியில்லை. அளவு தப்பினால் ஃப்ளோட்டையோ நீடிலையோ மாற்றுவதுதான். ரிப்பேர் கிட் வாங்கினால் மெயின் ஜெட்டில் பொறித்த எண்ணும் பழைய ஜெட்டின் எண்ணும் ஒன்றா என்று பார்த்து வாங்குங்கள்.

ஓட விட்டபோது

சோக் எடுத்தும் நிற்காமல் ஓடியது. ஆனால் ஊஞ்சல் ஆடுவதுபோல ஆர்பிஎம் ஏறி இறங்கியது. கலவையில் பெட்ரோல் குறைவாக இருந்தால் வேகம் தாழும், கவர்னர் த்ரோட்டிலைத் திறக்கும், மெயின் ஜெட் வழியாகப் பெட்ரோல் வந்து வேகம் எகிறும், கவர்னர் திரும்ப மூடும். இந்தச் சுற்றைப் பார்த்ததும் கவர்னர் ஸ்பிரிங்கில் கைவைக்கத் தோன்றும், வேண்டாம். சோக்கைப் பாதி மூடிப் பாருங்கள். ஆட்டம் அடங்கினால் கோளாறு கலவையில்தான். ஜெட் சுத்தம் என்பது உறுதியாகிவிட்டதால் மிச்சம் காற்றுக் கசிவு. இன்சுலேட்டரின் இருபுறமும் இருந்த பழைய காகித கேஸ்கெட் காய்ந்து ஓரத்தில் கிழிந்திருந்தது. இரண்டையும் புதிதாகப் போட்டதும் ஆட்டம் நின்றது. ஐடிலை 1,400 ஆர்பிஎம் அளவில் வைத்தோம். மேல் வேகத்தைக் கூட்டச் சொல்லிக் கேட்பவர்கள் உண்டு. இந்த இன்ஜினின் கனெக்டிங் ராடு அலுமினியம். ஆயில் பம்ப் கிடையாது, ராடின் அடியில் உள்ள நாக்கு ஆயிலை அடித்துத் தெளிப்பதுதான் உயவு. கவர்னரை ஏமாற்றி ஓட்டினால் ராடு உடைந்து கிராங்க்கேஸ் ஓட்டையாகும்.

டேப்பட்

கயிறு சில சமயம் கையை வெடுக்கென்று திருப்பி இழுத்ததால் டேப்பட்டையும் (வால்வு இடைவெளி) பார்த்தோம். இன்ஜின் முழுக்க ஆறியிருக்க வேண்டும். ஹெட் கவரின் நாலு போல்ட்டை எடுத்து, பிஸ்டனை கம்ப்ரெஷன் ஸ்ட்ரோக்கின் உச்சிக்குக் கொண்டுவர வேண்டும். ஸ்டார்ட்டர் புல்லியின் முக்கோணக் குறி, ஃபேன் கவரின் மேல் துளைக்கு நேராக நிற்கும். வால்வை அமுக்கும் இரண்டு ராக்கரும் லேசாக ஆட வேண்டும். எக்ஸாஸ்ட் அமுங்கியிருந்தால் இன்னொரு சுற்று சுற்றுங்கள். இன்டேக் 0.15, எக்ஸாஸ்ட் 0.20 மி.மீ., இரண்டுக்கும் 0.02 கூடக் குறைய இருக்கலாம்.

இதில் எக்ஸாஸ்ட் 0.30ஐத் தாண்டியிருந்தது. கயிறு எளிதாக வர, கேம் ஷாஃப்டில் உள்ள டீகம்ப்ரெஷர் எக்ஸாஸ்ட் வால்வைத் துளி தூக்கி அழுத்தத்தை வெளியே விடும். இடைவெளி கூடினால் அந்தத் தூக்கல் வால்வுக்குப் போய்ச் சேராது. கயிறு கனக்கும், திருப்பி இழுக்கும். சரியான அளவுக்கு வைத்ததும் கயிறு இலகுவாகிவிட்டது. லாக் நட்டை இறுக்கிய பிறகு ஃபீலர் கேஜை இன்னொரு முறை விட்டுப் பாருங்கள், இறுக்கும்போது அளவு நகர்ந்துவிடும். இதே டீகம்ப்ரெஷரால் கயிறு இழுத்து கம்ப்ரெஷன் கேஜ் வைத்தால் அளவு குறைவாகத்தான் காட்டும். அதை நம்பி பிஸ்டன் ரிங் மாற்ற வேண்டாம்.

ஆயில் 0.58 லிட்டர், 10டபிள்யூ-30. டிப்ஸ்டிக்கை எடுத்து முகர்ந்தபோது பெட்ரோல் வாடை. காக்கைத் திறந்தே வைத்து, நீடிலும் கசிந்தால் பெட்ரோல் சிலிண்டர் வழியாக ஆயிலில் கலக்கும், அளவும் ஏறியிருக்கும். அந்த ஆயிலோடு லோடில் ஓட்டினால் தேய்மானம்தான், அதனால் உடனே மாற்றியாயிற்று. ஏர் ஃபில்டரின் ஃபோமை சோப்புத் தண்ணீரில் அலசி உலர்த்தி, இன்ஜின் ஆயிலில் தோய்த்துப் பிழிந்து போட்டோம். உள்ளிருக்கும் காகிதத்தைத் தட்டினால் போதும், நனைக்கக் கூடாது.

நிறுத்தி வைக்கும்போது காக்கை மூடி, தானாக நிற்கும் வரை ஓடவிட்டு, பிறகு வடி ஸ்க்ரூவையும் திறந்துவிட வேண்டும்; நின்ற பிறகும் கிண்ணத்தில் கொஞ்சம் மிஞ்சும். கடைசியாகக் கயிற்றை மெதுவாக இழுத்து, கனம் தட்டும் இடத்தில் விட்டால் வால்வு இரண்டும் மூடியிருக்கும், ஈரம் உள்ளே போகாது. பழைய நீடிலின் ரப்பர் முனையில் வட்டத் தழும்பு இருக்கிறது. புது நீடில் வரும் வரை காக்கை மூடி மூடித்தான் ஓட்டுகிறோம்.