தொட்டியின் கனம்

தொட்டிச் செடிகளுக்கான வளர்ப்புக் கலவைகளை உருவாக்கும் பிரிவில் வேலை பார்க்கிறேன். பையைப் பிரித்துத் தொட்டியில் கொட்டி நாற்றை நடுகிறோமே, அந்தக் கலவைதான் எங்கள் பொருள். பேச்சில் மண் என்கிறோம்; பைக்குள் மண் பெரும்பாலும் இருப்பதில்லை. நெடுங்காலமாக அதை நிரப்பி வந்தது பீட். சதுப்பு நிலத்தில் ஸ்பாக்னம் பாசி செத்துச் செத்து விழுந்து, தண்ணீருக்கடியில் காற்றுப் படாததால் முழுக்க மக்காமல் அடுக்கடுக்காகப் படிந்து கிடப்பது. ஓர் ஆண்டில் அது ஏறுவது சுமார் 1 மில்லிமீட்டர். ஒரு சாண் ஆழத்துக்கு அள்ளினால் ஏறக்குறைய இருநூறு ஆண்டுகளை அள்ளிவிட்டோம் என்று கணக்கு.

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் ஒரு மூத்தவர் எனக்கு இந்தக் கணக்கைச் சொன்னார். அதற்குப் பிறகு பீட் பையைப் பிரிக்கும் போதெல்லாம் மனசில் ஓர் உறுத்தல். உலக நிலப்பரப்பில் பீட் நிலங்கள் 3 சதவீதம்தான். ஆனாலும் மண்ணில் அடங்கியிருக்கும் மொத்தக் கரியில், அதாவது கார்பனில், ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அங்கேதான் இருக்கிறது. பீட்டை வெட்ட வேண்டுமென்றால் முதலில் நீரை வடிக்க வேண்டும். நீர் வடிந்தால் காற்று புகும். காற்று புகுந்தால், அதுவரை தூங்கிக்கொண்டிருந்த மக்கல் தொடங்கி, அத்தனை காலம் அடைபட்டிருந்த கரி கரியமில வாயுவாகக் கிளம்பிவிடும். ஆறு மாதம் பூத்து முடியும் ஒரு செடிக்காக இவ்வளவு பழைய ஒன்றைக் கரைப்பதில் எனக்கு நியாயம் தெரியவில்லை, இன்றும் தெரியவில்லை. பீட் இல்லாத கலவை ஒன்றைச் செய்யும் பொறுப்பு என்னிடம் வந்தபோது மனப்பூர்வமாகத்தான் ஏற்றுக்கொண்டேன்.

தேங்காய் நார்த்தூளான கோகோபீட், மக்க வைத்த மரப்பட்டை, மரநார் மூன்றையும் வைத்து ஒரு கலவை செய்தோம். ஆய்வகத்தில் எண்கள் எல்லாம் சரியாக வந்தன. காற்றுக்கான இடம், நீர்ப்பிடிப்பு, அமில-கார அளவான பி.எச். எதிலும் குறை சொல்ல முடியாது. சில நர்சரிகளுக்குச் சோதனைக்காக அனுப்பினோம். இரண்டு மாதம் கழித்து ஒரு நர்சரியிலிருந்து அழைத்தார்கள். செடி வாடுகிறது, தண்ணீர் விட விட இன்னும் வாடுகிறது என்றார்கள்.

நேரில் போனேன். ஒரு தொட்டியைக் கவிழ்த்துத் தட்டி எடுத்தேன். வேர்கள் பழுப்பேறி இருந்தன. ஒரு வேரை இரண்டு விரலால் பிடித்து மெல்ல இழுத்தால் மேல்தோல் அப்படியே உருவிக்கொண்டு வந்து, நூல் மாதிரி நடுநரம்பு மட்டும் நின்றது. வேரழுகலின் சரியான அடையாளம் அது. அடிக்கலவையைக் கையில் எடுத்துப் பிழிந்தேன், தண்ணீர் சொட்டியது. மேலே ஒரு விரற்கடை அளவு மட்டும் வறண்டு, வெளிறி, உதிரியாக இருந்தது.

தண்ணீர் விடுகிற பையனிடம் கேட்டேன். மேலே நிறம் வெளுத்தால் ஊற்றுவேன் என்றான். அவன் மேல் தப்பே இல்லை. பீட் காயும்போது மேலிருந்து கீழ்வரை ஏறக்குறைய ஒரே சீராகக் காயும். கருத்த நிறம் வெளிர்ப் பழுப்பாக மாறும். கண்ணால் பார்த்தே நீர் விடலாம். இரண்டு தலைமுறை நர்சரிக்காரர்கள் அந்தக் கண்ணோடுதான் வேலை கற்றிருக்கிறார்கள். நாரும் பட்டையும் கலந்த எங்கள் கலவையில் மேற்பரப்பு சீக்கிரம் காயும், உள்ளே ஈரம் அப்படியே நிற்கும். நாங்கள் அவனுடைய கண்ணைப் பயனில்லாமல் ஆக்கிவிட்டு, அதை அவனிடம் சொல்லாமலும் விட்டிருந்தோம்.

அதே கூடாரத்தின் அடுத்த பகுதியில் அதே கலவை, அதே செடி, ஆரோக்கியமாக நின்றது. அங்கே நீர் விடுபவர் வயதான ஓர் அக்கா. என்ன செய்கிறீர்கள் என்று கேட்டதும் ஹோஸைக் கீழே வைத்துவிட்டு, ஒரு கைக்கு ஒன்றாக இரண்டு தொட்டிகளைத் தூக்கினார்.

"மேலே பார்த்து ஊத்தாதீங்க தம்பி. இது காஞ்ச மாதிரி காட்டும், உள்ளே நனைஞ்சு கிடக்கும். தூக்கிப் பாருங்க, கனம் சொல்லிரும்."

வாங்கித் தூக்கிப் பார்த்தேன். வித்தியாசம் கையில் நன்றாகவே தெரிந்தது. அவர் "இன்னைக்கு வேணாம்" என்று ஒதுக்கிய பத்தையும் "வேணும்" என்று ஒதுக்கிய பத்தையும் அலுவலகத் தராசில் நிறுத்துப் பார்த்தோம். ஒன்றுகூட இடம் மாறவில்லை. புதுக் கலவை வந்த முதல் வாரமே இதைக் கண்டுபிடித்துவிட்டாராம். எங்களிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். யாரும் கேட்கவில்லையே என்றார். அந்தப் பதில் எனக்கு இன்றுவரை வலிக்கிறது. சோதனைப் படிவத்தில் செடியின் உயரம், இலை எண்ணிக்கை, பூத்த நாள் என்று பதினெட்டுக் கட்டங்கள் போட்டிருந்தோம். நீர் விடுபவருக்கு என்று ஒரு கட்டம்கூட இல்லை.

திரும்பி வந்து இரண்டு வேலை செய்தோம். மேற்பரப்பும் நிறம் காட்டட்டும் என்று நாரின் அளவைக் குறைத்து நுண்ணிய கோகோபீட்டைக் கூட்டினோம். பையின் பின்பக்கம் நெருக்கமாக அச்சடித்திருந்த குறிப்புகளை எடுத்துவிட்டு, ஒரு கை தொட்டியைத் தூக்கும் படம் போட்டோம். இரண்டில் எது அதிகம் உதவியது என்று கேட்டால், படம் என்றுதான் சொல்வேன்.

இந்தத் துறையின் பழைய கதை ஒன்று எனக்கு மிகவும் பிடிக்கும். 1930களில் இங்கிலாந்தின் ஜான் இன்னஸ் தோட்டக்கலை ஆய்வு நிலையத்தில் நாற்றுகள் ஒரே சீராக வளராமல் தொல்லை கொடுத்தன. வில்லியம் லாரன்ஸ், ஜான் நியூவெல் என்ற இருவர் மண்ணை நீராவியில் வேகவைத்து, மண் 7, பீட் 3, மணல் 2 என்ற விகிதத்தில் ஒரு தொட்டிக் கலவையை நிலைநிறுத்தினார்கள். நிலையம் அதைத் தானே விற்கவில்லை. செய்முறையை எல்லோருக்கும் வெளியிட்டது. அதற்குமுன் ஒவ்வொரு தோட்டக்காரரும் ஒவ்வொரு செடிக்கும் ஒவ்வொரு ரகசியக் கலவை வைத்திருந்தார்கள். பிற்பாடு நல்ல மண் ஒரே தரத்தில் கிடைப்பது அரிதாகிப் போய், எடை குறைந்த, எப்போதும் ஒரே மாதிரி இருக்கிற பீட் முழுதாக அந்த இடத்தைப் பிடித்தது. அன்றைக்கு பீட்தான் புதுமை. இன்று நாங்கள் பீட்டுக்குப் பதில் தேடும்போது, எங்கள் மாற்றுக்கும் ஒரு நாள் வேறு யாரோ மாற்றுத் தேடுவார்கள் என்ற நினைப்போடுதான் நான் கணக்குப் பார்க்கிறேன்.

அந்தக் கணக்கை எனக்குக் கற்றுக்கொடுத்தது கோகோபீட். தேங்காய் மட்டையிலிருந்து நாரை எடுத்தபின் மிஞ்சும் தூள் அது. ஒரு காலத்தில் ஆலைகளுக்குப் பக்கத்தில் மலைபோலக் குவிந்து கிடந்த கழிவு, இப்போது அழுத்திக் கட்டிகளாகக் கப்பலேறுகிறது. கழிவு பொருளாகிவிட்டது என்று சந்தோஷப்படலாம், நானும் பட்டேன். ஆனால் அந்தத் தூளில் சோடியமும் பொட்டாசியமும் குளோரைடும் ஏராளம். கழுவாமல் நாற்று நட்டால் நாற்று கருகும். கழுவ வேண்டுமென்றால் நல்ல தண்ணீர் வேண்டும்.

ஒருமுறை வந்த சரக்கை, கரைந்த உப்பை அளக்கும் இ.சி. மீட்டர் வைத்துப் பார்த்தேன். உப்பு மிகக் குறைவு. நிம்மதியாகக் கையெழுத்துப் போட்டேன். மூன்று வாரத்தில் நாற்றுகளின் இளந்தளிர் நுனிகள் கருகின. முதிர்ந்த இலைகள் பச்சையாக இருக்க, புதிதாக வருவது மட்டும் சுருண்டு கருகினால் சுண்ணாம்புச் சத்துக் குறைவு என்று அர்த்தம். உரக்கரைசலில் கால்சியம் போதுமான அளவு இருந்தது. பிறகு எங்கே போனது?

நார்த்தூளே பிடித்து வைத்திருந்தது. நீரில் கரைந்து நிற்கும் உப்பு கழுவினால் போய்விடும். மீட்டர் காட்டுவதும் அதை மட்டும்தான். தூளின் மேற்பரப்பில் ஒட்டிக்கொண்டிருக்கும் சோடியமும் பொட்டாசியமும் வெறும் நீருக்கு அசையா. கால்சியம் உள்ள உரம் வந்ததும் தூள் அதைப் பிடித்துக்கொண்டு, தன்னிடம் இருந்த சோடியத்தையும் பொட்டாசியத்தையும் வெளியே விட்டது. செடிக்குப் போட்ட சாப்பாட்டைத் தூள் தின்றுவிட்டது. இதற்கு வழி, நடுவதற்கு முன்பே கால்சியம் நைட்ரேட் கரைசலில் தூளை ஊறப்போட்டு, அந்த இடமாற்றத்தை முன்கூட்டியே நடத்தி முடித்து, பிறகு அலசுவது. துறையில் தெரிந்த முறைதான். நான் மீட்டரின் எண்ணை நம்பி, ஊறவைத்த சரக்கா என்று கேட்காமல் விட்டுவிட்டேன். தவறு என்னுடையது.

அந்த முறையைக் கொண்டுவந்த பிறகு இன்னொரு கேள்வி என்னை விடவில்லை. ஊறவைத்து வடித்த தண்ணீரில் சோடியம், பொட்டாசியம், நைட்ரேட் எல்லாமே இருக்கிறது. அதைக் குளத்தில் விட்டால் பாசி பிடிக்கும், நிலத்தில் விட்டால் நிலம் கெடும். எங்கோ தொலைவில் ஒரு சதுப்பு நிலத்தைக் காப்பாற்றுகிறோம் என்று சொல்லிக்கொண்டு, தூள் கழுவுகிற ஊரின் கிணற்றைக் கெடுத்தால் அது என்ன நிலைத்த உற்பத்தி? எங்களுக்குத் தூள் தரும் ஆலையோடு உட்கார்ந்து, கழுவலைப் படிப்படியாகப் பிரித்தோம். கடைசி அலசலுக்கு மட்டும் நல்ல தண்ணீர். அதில் வடிந்தது அடுத்த சரக்கின் நடு அலசலுக்கு. அதில் வடிந்தது அதற்கடுத்த சரக்கின் முதல் அலசலுக்கு. நன்றாக உப்பேறியதை மட்டும் தொட்டியில் தேக்கி ஆவியாக்கினார்கள். இதை எந்தப் பையின் மீதும் நாங்கள் அச்சடித்ததில்லை. என் வேலை வாழ்க்கையில் நான் மனம் நிறைந்து செய்த காரியம் எது என்று யாராவது கேட்டால், இதைத்தான் சொல்வேன்.

மரநாரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அது புதிது, கரி அதிகம். நுண்ணுயிர்கள் அதைத் தின்ன இறங்கும்போது தங்களுக்கு வேண்டிய தழைச்சத்தைக் கலவையிலிருந்தே இழுத்துக்கொள்ளும். அடியிலைகள் முதலில் வெளிறும். எவ்வளவு இழுக்கும் என்று முன்பே சோதித்து, அந்த அளவுக்குக் கூடுதலாகக் கொடுத்தால் தீர்ந்தது.

தொட்டி விஷயம் அப்படித் தீரவில்லை. கறுப்புப் பிளாஸ்டிக் தொட்டிகளுக்கு நிறம் தருவது கார்பன் பிளாக். மறுசுழற்சி ஆலையில் பிளாஸ்டிக்கை இனம் பிரிக்கும் அகச்சிவப்புக் கதிரை அது விழுங்கிவிடுவதால், கருவியின் பார்வைக்கு அந்தத் தொட்டி தெரிவதே இல்லை, குப்பையோடு போய்விடும். ஆகவே மக்கும் தொட்டி என்று ஒன்றைக் கொண்டுவந்தோம். தாவரச் சர்க்கரையிலிருந்து செய்யும் பாலிலாக்டிக் அமிலம் என்ற பிளாஸ்டிக்கால் ஆனது, மக்கும் பொருள்களுக்கான ஐரோப்பியத் தரமான இ.என். 13432 சான்றிதழ் பெற்றது. விற்பனைப் பிரிவில் ஒரே உற்சாகம். "தொட்டியோடு புதையுங்கள், மண்ணோடு மண்ணாகிவிடும்" என்று வாசகம்கூட எழுதி வைத்துவிட்டார்கள்.

அச்சுக்குப் போகுமுன் பன்னிரண்டு தொட்டிகளைச் சோதனைப் பாத்தியில் புதைத்தேன். ஒரு வருஷம் கழித்து மண்வெட்டியால் தோண்டினேன். தண்ணீரில் அலசியதும் பன்னிரண்டும் முழுசாக நின்றன. விளிம்பில் அச்சடித்த எண்ணைக்கூட வாசிக்க முடிந்தது. உள்ளே செடியின் வேர்கள் வெளியே போக வழியில்லாமல் சுற்றிச் சுற்றிச் சுருண்டிருந்தன. சான்றிதழ் பொய் சொல்லவில்லை. அது தொழிற்சாலை மக்குரக் கிடங்கின் சூட்டுக்கான சான்றிதழ். அங்கே குவியல் 60 டிகிரிக்குப் பக்கத்தில் கொதிக்கும். தோட்டத்து மண் அந்தச் சூட்டைக் காண்பதே இல்லை.

அந்த வாசகத்தை எடுக்கச் சொன்னேன். கூட்டம் நீண்டது. சான்றிதழே மக்கும் என்று சொல்லும்போது உனக்கு என்ன வந்தது என்று நேராகவே கேட்டார்கள். வேர் சுருண்ட அந்தச் செடியை மேசையில் வைத்தேன். நம்பிப் புதைக்கிறவருக்கு இதுதான் கிடைக்கும் என்றேன். வாசகம் போயிற்று, அந்தத் தொட்டியும் பிறகு நின்றுபோனது. இப்போது கார்பன் பிளாக் இல்லாத நிறத்தில், சற்றுக் கனமான பிளாஸ்டிக் தொட்டிகளை நர்சரிகளிடமிருந்து திரும்ப வாங்கி, கழுவிக் கிருமி நீக்கி மறுபடி கொடுக்கிறோம். கேட்பதற்குப் புதுமையாக இருக்காது. ஒரே தொட்டி பல பருவம் உழைக்கிறது.

கடைசியாக அவரைச் செடியை வைத்துச் செய்யும் சோதனை. தோட்டக்கழிவுகளை மக்கவைத்த உரத்தைக் கலவையில் சேர்க்கத் தொடங்கிய பிறகு வந்த பழக்கம் இது. புல்வெளிகளில் அடிக்கும் க்ளோபிரலிட் போன்ற சில களைக்கொல்லிகள் மக்கும் குவியலின் சூட்டிலும் அழியாமல் தங்கிவிடும். நூறு கோடியில் சில பங்கு இருந்தாலே அவரையும் தக்காளியும் காட்டிக்கொடுக்கும்: புது இலை விரியாமல் கிண்ணம் போலக் குவியும், தண்டு முறுக்கும். அந்த அளவைக் கருவியில் பார்க்க ஆகும் செலவை நினைத்தால், அவரை விதை மேல். ஒவ்வொரு குவியலிலிருந்தும் எடுத்த உரத்தில் சில தொட்டி, சுத்தமான கலவையில் சில தொட்டி. மூன்று வாரம் காத்திருக்க வேண்டும். லாரி நிற்கிறது, ஆர்டர் நிற்கிறது என்று தினமும் அழைப்பு வரும். அவரை தன் வேகத்தில்தான் வளரும்.

இந்த வாரச் சோதனைக்கு அந்த அக்காவை வரச் சொல்லியிருந்தோம். இப்போதெல்லாம் புதுக் கலவை எதுவானாலும் ஆய்வக அறிக்கையோடு அவருடைய குறிப்பும் கோப்பில் ஏறும். படிவத்தில் அதற்கென்றே பெரிய கட்டம் ஒன்று வைத்திருக்கிறோம். வரிசையாக ஒவ்வொரு தொட்டியாகத் தூக்கிப் பார்த்துக்கொண்டே போனவர், ஏழாவதில் நின்றார். மறுபடி தூக்கினார். பக்கத்தில் இருந்ததையும் தூக்கிப் பார்த்தார்.

"இதுல மட்டும் தண்ணி குடிக்கலை தம்பி. இலை நல்லாத்தான் இருக்கு. வேர் ஓடலையோ என்னமோ."

இலைகளைப் பார்த்தேன். எல்லாம் தட்டையாக, சரியாக விரிந்திருந்தன. லாரி வாசலில் நின்றது. ஏழாம் குவியலின் சீட்டை மட்டும் எடுத்துத் தனியே வைத்துவிட்டு, தொட்டியைக் கவிழ்த்தேன்.